பின்வாசல் படி

எங்கள் முடிதிருத்தும் கடையில் இரண்டு நாற்காலிகள். ஜன்னலோரத்து நாற்காலி என் அக்கா வீட்டுக்காரருடையது, மற்றது என்னுடையது. சவரக் கத்தியைப் பிடித்தால் மாமாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை அவர் காதில் விழாதபடிதான் சொல்வேன்.

மூன்று தலை முடிந்தால் மாமாவுக்குப் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒரு சிகரெட். கடை திறந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். இருமல் முற்றி டாக்டரிடம் போய் வந்த அன்று, "இனிமே தொடமாட்டேன்" என்று அக்காவிடம் சொன்னார். மறுநாள் பின்கதவைத் தாழ் போட்டு, அழுக்குத் துண்டு மூட்டையை அதற்கு முட்டுக் கொடுத்தார். கதவைத் திறந்தால் கால் படிக்குப் போகும், படியில் உட்கார்ந்தால் கை சிகரெட்டைத் தேடும் என்பது அவர் கணக்கு.

சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் எங்கள் உயிரை வாங்கிவிட்டார். "தலைய ஒரு இடத்துல வைக்கத் தெரியாதா?" என்று அவர் எரிந்து விழுந்தது வங்கி மேலாளரிடம். அடுத்த தடவை அந்த மனிதர் பேசாமல் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நான் ஃபேன் போட்டால் குற்றம், நிறுத்தினால் குற்றம். அக்கா கொடுத்தனுப்பிய கிராம்பை மென்று துப்பிவிட்டு, அது காரமாக இருந்ததற்கும் என்னைத்தான் திட்டினார்.

கோபத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய களைப்புதான் எனக்குப் பயமாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் கண் செருகும், விரல் நடுங்கும். "விட்ட புதுசுல இப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை பஸ் டிரைவர் சவரத்துக்கு வந்தார். பழைய வாடிக்கையாளர். ஒரு கன்னம் முடிந்து, அடுத்த கன்னத்தில் கத்தி தாடைக்குக் கீழே இறங்கும்போது தற்செயலாகத் திரும்பினேன். மாமா நின்றபடியே கண்ணை மூடியிருந்தார். பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நல்ல வேளை, லேசான கீறல்தான். படிகாரத்தை வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றுவிட்டது. மாமாவின் நடுக்கம்தான் நிற்கவில்லை.

"கை போச்சு மாப்ள. இத நம்பி ரெண்டு குடும்பம் இருக்கு. நெஞ்சு எக்கேடு கெட்டாலும் பரவாயில்ல" என்றவர் டிரைவரிடம் கையை நீட்டினார். "ஒரு சிகரெட் குடுங்க."

பாதி முகத்தில் நுரையோடு டிரைவர் சட்டைப் பையைத் தடவினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் மாமாவின் கால்களைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்து, இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன.

"மாமா, காலையிலேருந்து எப்ப உக்காந்தீங்க?"

"சாப்பிடும்போது."

"அதுக்கு முன்னாடி?"

அவர் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வாரமாக, சாப்பாட்டு நேரம் தவிர அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சிகரெட்டோடு சேர்த்து ஓய்வையும் தாழ் போட்டு அடைத்திருக்கிறார் மனுஷன்! பக்கத்திலேயே நின்று வெட்டிக்கொண்டிருந்த எனக்கும் அது தோன்றவில்லை. அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. மூட்டையைக் காலால் தள்ளிவிட்டுப் பின்கதவைத் திறந்தேன்.

"போய் உக்காருங்க. வெறுங்கையோட."

"ஆள் பாதி சவரத்துல இருக்காரு..."

"அவர நான் பாத்துக்கறேன். போங்க மாமா!"

போனார். டிரைவரின் மறு கன்னத்தை நான் முடித்தேன். மாமா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"ரொம்ப நேரமாயிடுச்சா?"

"ஒரு சிகரெட் நேரம்தான்."

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இப்போதும் ஃபேனுக்குத் திட்டு வாங்குகிறேன். ஆனால் மூன்று தலை முடிந்தால் அவர் படிக்குப் போய்விடுகிறார். கத்தி பழையபடி வழுக்கிக்கொண்டு போகிறது.

போன வாரம் அக்கா சாப்பாட்டோடு வந்து, "எங்கடா உங்க மாமா?" என்று கேட்டாள். பழக்க தோஷத்தில், "பின்னாடி, சிகரெட்டுக்குப் போயிருக்காரு" என்று உளறிவிட்டேன். பாத்திரத்தை என் நாற்காலி மேலேயே வைத்துவிட்டுப் பின்கதவுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

மாமா இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"சிகரெட் குடிக்காம உக்காந்திருக்கேன்."

அக்கா அவர் விரல்களை எடுத்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான். "நகருங்க" என்று சொல்லி அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.