ஈறு வெளுத்த தை அமாவாசை

என் கீழ்த்தாடையின் இடது பக்கம், கடைவாய்ப்பல்லுக்கு முன்னால், ஈறு கொஞ்சம் குழிந்திருக்கும். புதிதாகப் பார்க்கும் பல் டாக்டர்கள் எல்லோரும் அங்கே கண்ணாடியை நிறுத்தி, இது எப்போது ஆனது என்று கேட்பார்கள். ஐம்பதுகளில், திருவள்ளூரில், எனக்கு எட்டு வயதில் என்று ஆரம்பிப்பேன். அதற்குள் வாயில் பஞ்சை வைத்து அடைத்துவிடுவார்கள். முழுவதும் சொல்ல இதுவரை ஒருவரும் விட்டதில்லை.

அப்பாவுக்குப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் கைங்கரியம். சர்க்கரைப் பொங்கல் புழங்குகிற வீட்டுக் குழந்தைக்குப் பல் சொத்தையானதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பின்பக்கத்துப் பால் பல் ஒன்று ஓட்டையாகி, சாப்பிட முடியாமல் அழுதுகொண்டே இருந்தேன். அம்மா கிராம்பை இடித்து அடைத்துப் பார்த்தாள். கேட்கவில்லை. அப்பா என்னைக் கடைத்தெரு மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே புதிதாக ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். பழவேற்காட்டில் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, சின்ன வயது. தையல் மெஷினைப் போலக் காலால் மிதித்து ஓட்டும் யந்திரம் ஒன்று வைத்திருந்தார்.

பிடுங்கிவிடச் சொன்னார் அப்பா. டாக்டர் சம்மதிக்கவில்லை. பின்னால் புதிதாக முளைத்திருக்கும் கடைவாய்ப்பல் ஆயுசுக்கும் இருக்க வேண்டியது, பால் பல்லை இப்போதே எடுத்தால் அது முன்னால் சாய்ந்துவிடும் என்றார். பல்லுக்குள் இருக்கும் நரம்பைச் சாகடிக்கத் துளியூண்டு பாஷாண மருந்தை வைத்து, மேலே பசையால் மூடினார். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம். நாளை மறுநாள் கட்டாயம் வரவேண்டும், மருந்தை எடுத்துவிட்டு வேரைச் சுத்தம் செய்து வேறு பசை நிரப்பவேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

விடிந்தபோது வலி போன இடம் தெரியவில்லை. வினை அங்கேதான் வந்தது. எங்கள் ஊரில் பெருமாளே வைத்தியர். அவரிடம் வேண்டிக்கொண்டு குணமானால் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அப்பா எனக்காக வேண்டிக்கொண்டிருந்தார். வலி நின்றதும் குஷியாகப் போய் வெல்லத்தைக் கரைத்துவிட்டு வந்தார். பல்லைக் கெடுத்ததும் வெல்லம், குணமானதற்குக் காணிக்கையும் வெல்லம் என்று பின்னாளில் அவரைக் கேலி செய்திருக்கிறேன். பெருமாள் பார்த்துக்கொண்ட பிறகு டாக்டர் எதற்கு? தை அமாவாசை வேறு வந்துவிட்டது. வெளியூர் ஜனம் குளத்தங்கரையில் வந்து இறங்க, அப்பாவால் மடைப்பள்ளியை விட்டு நகர முடியவில்லை. போகவேண்டிய நாளில் போகவில்லை.

எனக்கு மட்டும் வாயில் என்னவோ போல இருந்தது. நாக்கு அந்தப் பக்கம் போனால் ஈறு மரத்துப்போய், சொரசொரவென்று பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் எச்சிலுக்கு அவ்வளவு பயம். வாயில் விரல் வைத்தால் கை அலம்பாமல் எதையும் தொட விடமாட்டார்கள். ஒருவர் வாய்க்குள் இன்னொருவர் எட்டிப் பார்ப்பதெல்லாம் கிடையவே கிடையாது.

அமாவாசையன்று காலை டாக்டர் வாசலில் வந்து நின்றார். கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா மடியாகத் தளிகை பண்ணிக்கொண்டிருந்தாள். தர்ப்பண நாளில் அவளை யாரும் தொடக்கூடாது. அப்பா இல்லை, அமாவாசை கழிந்து வருவதாக இருந்தோம், வலிதான் நின்றுவிட்டதே என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.

"வலி நின்னாதாம்மா நான் பயப்படுவேன்," என்றார் அவர். "நான் வெச்ச மருந்து பல்லுக்குள்ள இருக்கிற வரிக்கும்தான் நல்லது. வெளிய கசிஞ்சா ஈறைத் தின்னுடும், அப்பால எலும்பைத் தின்னும். கொழந்தைக்கு ஈறு இளசு. ஒரு வாட்டி பாத்துட்டுப் போய்டறேன்."

முற்றத்து வெயிலில் என்னை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார். அவர் முகம் மாறியது. இரண்டு பல்லுக்கும் நடுவே ஈறு வெந்த மாதிரி வெளுத்து, ஓரம் கறுத்திருந்ததாம். அம்மா தூரத்தில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

"இது என் மருந்து பண்ணது. உங்க மேல தப்பு இல்ல," என்றார். நாங்கள் போகாமல் இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரை நான் மறக்கமாட்டேன்.

மருந்தை எடுத்து, செத்த ஈறைச் சுரண்டியாக வேண்டும். விட்டால் கடைவாய்ப்பல்லின் எலும்பும் போய்விடும். ஆனால் நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கன்னத்தை இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் மடி, இல்லாவிட்டால் கோயிலில். டாக்டர் யாரையும் கேட்கவில்லை, கையில் கருவியோடு காத்திருந்தார்.

அம்மா அடுப்பிலிருந்து விறகைப் பின்னுக்கு இழுத்துவிட்டு வந்தாள். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தலையை மடியில் அணைத்துக்கொண்டு, "எங்க பிடிச்சுக்கணும், சொல்லுங்கோ," என்றாள். அவர் காட்டிய இடத்தில் விரலை நுழைத்தாள்.

செத்த இடத்தில் வலி தெரியவில்லை. உயிருள்ள ஓரத்தில் பட்டபோது வீடு அதிரக் கத்தினேன். அது முடிந்ததும் கிராம்பு வாசனை அடிக்கும் வெள்ளைப் பசையால் ஈறை மூடினார். பிறகு பல நாள் அப்பாவே என்னை மாடிக்கு அழைத்துப் போனார். பல்லின் வேரிலும் அதே பசையைத்தான் டாக்டர் நிரப்பினார். பால் பல்லின் வேர் கரையும்போது அதுவும் சேர்ந்து கரைந்து, புதுப் பல்லுக்கு வழி விடுமாம். விட்டது. கடைவாய்ப்பல் இன்றைக்கும் முறுக்கு கடிக்கிறது.

அம்மா அன்று கிணற்றடியில் மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வேறு மடிப்புடவை இல்லை. தைக் குளிரில் ஈரப் புடவையோடு மீதித் தளிகையை முடித்தாள். அப்பா தர்ப்பணம் பண்ணிச் சாப்பிட உட்காரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். டாக்டர் வந்துவிட்டுப் போனார் என்று மட்டும் சொல்லி ரசம் விட்டாள். கரண்டியைப் பிடித்திருந்த ஆள்காட்டி விரலில் என் பற்கள் பதிந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது. நான் அத்தனை கடி கடித்தும் அவள் விரலை எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.