கணக்கு சார் பேசிய கேசட்

தொண்ணூறுகளில் மைசூரு ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபடி, அஞ்சல்வழியில் கணக்கியல் அடிப்படைப் பாடம் படித்தேன். பாடங்கள் கேசட்டில் வரும். பற்று, வரவு என்றாலே மிரண்ட எனக்கு, அதில் பேசிய சாரின் நிதானமான குரல்தான் தைரியம் தந்தது. நன்றி சொல்லலாமென்று விலாசம் விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த அவர் மனைவி, "அவர் தவறிப்போய் ஒரு வருஷமாச்சும்மா," என்றார்.

அன்று காலையில்கூட அந்தக் குரலைக் கேட்டிருந்தேன்.

என் பையிலிருந்த கேசட்டைப் பார்த்ததும், "ஸ்வல்பம், கொஞ்சமே கொஞ்சம், போட்டுக் காட்டறியா? எங்கிட்ட அவர் குரலே இல்லே," என்றார்.

அவர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் தேய்மானப் பாடத்தைப் போட்டேன். நடுவில் சார் இருமினார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார்.

"பின்னாடி ஓட்டும்மா. அந்த இருமலைப் போடு."

திரும்பத் திரும்ப ஓட்டினேன். "டாக்டர்கிட்டப் போலாம்னு எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? பாடமெல்லாம் பேசி முடிச்சுட்டு வரேன்னுட்டார்," என்றார் அந்த அம்மா.

தேர்வு நெருங்கியிருந்தும் கேசட்டை அங்கேயே விட்டு வந்தேன். தேறினேன், வேலையும் கிடைத்தது. ஆனால் எனக்குப் பாடம் சொல்லித்தர அவர் எதைத் தள்ளிப்போட்டார் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.