கிணற்றுக் கப்பி வகையில் ஓர் இயந்திரம்

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த வருடங்களில் நான் நெய்யாற்றின்கரையில் இரும்பு பெர்மிட் எழுதும் குமாஸ்தா. இரும்பு அப்போது கட்டுப்பாட்டில் இருந்தது. கலப்பை, வண்டி அச்சு, கிணற்றுக் கப்பி, வீட்டுக் கம்பி ஆகியவற்றுக்கு மட்டும் கிடைக்கும். நாட்டில் யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அது இந்த நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் எதிர்பார்ப்பு.

வெள்ளறடையில் எங்கள் அடுத்த வீட்டு அக்கா கண்டுபிடித்தது மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, சீவும் இயந்திரம். வட்ட இரும்புத் தகட்டில் இரண்டு கத்திகள். கைப்பிடியைச் சுற்றினால் கிழங்கு வில்லை வில்லையாக விழும். சபை நோட்டீசின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து கொண்டுவந்தார். தோட்டத்துக் கிழங்கு முழுவதையும் மழைக்கு முன் சீவி உலர்த்தியாக வேண்டும், இல்லாவிட்டால் அழுகிப்போகும். கையால் சீவிச் சீவி அவர் விரல்களில் கத்தி படாத இடமில்லை.

"அந்த நாலுல இத எதுன்னு எழுதுவே, மக்கா?"

"கிணத்துக் கப்பின்னு எழுதுறேன் அக்கா. அதாக்கும் சீக்கிரம் கிட்டும்."

கிட்டியது. எங்கள் தாலுகா எந்த மாநிலத்துக்குப் போகும் என்று தெரியாததால், எங்கள் அலுவலகம் கையிலிருந்த கோப்புகளையெல்லாம் வேகமாக முடித்துக்கொண்டிருந்தது. கொல்லர் நான்கே நாளில் இயந்திரத்தை அடித்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் எனக்கு ஒரு விதி நினைவுக்கு வந்தது. கலப்பையை யாரும் பார்க்க வர மாட்டார்கள். கப்பியை மட்டும், பொருத்திய இடத்தில் ஆய்வாளர் நேரில் பார்க்க வேண்டும். வேறு வேலைக்குப் பயன்பட்டிருந்தால் இரும்பு பறிமுதல்.

புதன்கிழமை வருவதாக ஓலை வந்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எலே, எல்லா சட்டமும் தெரிஞ்சவன்னு பேரு! சரி, அவருக்குக் கப்பிதானே காணணும்? காட்டிருவோம்."

தகட்டின் அச்சைத் தூக்கிக் கிணற்றுத் தூண்களின் மேல் வைத்தார். கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அச்சின் நடுவில் பழைய மரக் கப்பியை இறுக்கிக் கயிறு போட்டார். கிழங்கு நிரப்பிய பெட்டி, தகட்டின் கத்திகளை ஒட்டினாற்போல, ஒரு தூணில் ஏறியது.

ஆய்வாளர் வெயிலில் நடந்து வந்தார்.

"இது என்னது?"

"கப்பியாக்கும் சாரே. தண்ணி கோரிப் பாரும்."

தாகத்தில் அவரே கயிற்றை இழுத்தார். வாளி ஏற ஏற, மரச்சீனி வில்லைகள் அவருடைய செருப்பின் மேல் பொலபொலவென்று விழுந்தன. கயிற்றை விட்டுவிடாமல் இன்னொரு வாளி கோரினார். பிறகு மூன்றாவது. தாகம் எப்போதோ தீர்ந்திருக்கும்.

"தண்ணீர் வருகிறது. கப்பி திருப்திகரம்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். செருப்பைத் தட்டிவிட்டு, "மற்றதுக்கு எங்க ஃபாரத்தில் இடமில்லை" என்றார்.

உள்ளபடி, பழைய இயந்திரத்தைவிட இது மேல். முன்பு கைப்பிடி சுற்ற ஓராள், கிழங்கு போட ஓராள் வேண்டும். இப்போது தென்னைக்குத் தண்ணீர் கோரும்போதே கிழங்கும் சீவி முடிந்தது. மழை வந்த அன்று வற்றல் எல்லாம் வீட்டுக்குள் இருந்தது. வெளியே சாலையில் எல்லைக் கோஷம் போய்க்கொண்டிருந்தது. அக்கா, "எந்த ஸ்டேட்டானாலும் மரச்சீனி காயணுமே" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் கிணற்றுக் கப்பி கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. ஒருவரிடம், "உங்க வீட்டுல கிணறே இல்லியே?" என்றேன்.

"வெட்டிக்கிடலாம் சாரே. முதல்ல கப்பி வரட்டும்."