கைதட்டலுக்கு எரிந்த விளக்குகள்

போன வருஷம் திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் நடந்தது இது. நான் கல்யாணங்களுக்கு சீரியல் செட் விளக்கு, மைக் செட் போடுகிறவன். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் நடுவில் பேசவும் கூச்சம்.

நம் நாட்டுக்காரர் ஒருவர் விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த நாட்கள் அவை. அதைக் கொண்டாடக் குடியிருப்புக்காரர்கள் கூடியிருந்தார்கள். இருட்டியதும் அந்த நிலையம் சென்னைக்கு மேலே போகும், ஒரு நிமிடம்தான் தெரியும், அப்போது விளக்கையெல்லாம் அணைத்துவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். மாடிவரை லிஃப்ட் கிடையாது. காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஓர் அம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள்.

சொன்ன நேரத்தில் அணைத்தேன். எல்லோரும் அண்ணாந்து வானத்தில் தேடினார்கள். திடீரென்று, நிலையத்தைக் கண்டுவிட்டவர்கள் கைதட்டினார்கள். கல்யாண வரவேற்பில் இருட்டாக்கி வைத்திருப்போம். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறிக் கைதட்டல் எழுந்ததும் மொத்த விளக்கையும் போடுவோம். இருபது வருஷப் பழக்கம். என் கை தானாகப் போட்டுவிட்டது.

மாடியே பளீரென்று ஆனது. பதறி அணைத்தேன். எல்லோருக்கும் கண் மறுபடி இருட்டுக்குப் பழகுவதற்குள் நிலையம் மறைந்துவிட்டிருந்தது.

“இன்னா நைனா, மேல பொண்ணு மாப்ளையா வந்துகினு கீறாங்க?” என்றார் வாட்ச்மேன். யாரும் சிரிக்கவில்லை.

மாவுக்கட்டுப் போட்ட அம்மா அதை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே நான் விளக்கைப் போட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க அவர் பக்கத்தில் போனேன். அதற்குள் அவரே கேட்டார்.

“நீங்க பாத்தீங்களா?”

“இல்லீங்கம்மா. சுவிட்சையே பாத்துகினு இருந்தேன்.”

“அப்போ பாக்காதது நாம ரெண்டு பேர். நாளைக்கும் வருதாம், வாங்க. சுவிட்ச் பக்கம் மட்டும் போயிடாதீங்க.”

மறுநாள் அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை; வானம் பார்க்கவே போனேன். நானும் வாட்ச்மேனும் நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே கொண்டுபோனோம்.

மேற்கே ஒரு வெளிச்சம் கிளம்பியது. சத்தமில்லை. சீரியல் பல்பு மாதிரி மினுக்கவும் இல்லை. தெப்பக்குளத்துத் தண்ணீரில் விட்ட அகல்போல நிதானமாக எங்கள் தலைக்கு மேலே வந்தது. அதற்குள்ளே மனிதர்கள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்த அம்மா ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்புவதுபோலக் கையசைத்தார். நானும் கூச்சமில்லாமல் கையைத் தூக்கினேன்.

அத்தனை பேர் பார்க்கவந்ததைக் கெடுத்தவனையும் மறுநாளே வானம் பார்க்கக் கூப்பிட ஒருவருக்கு மனசு வந்ததே என்று நினைக்கும்போதெல்லாம், மேலே மிதக்கிறவர்களுடையதைப்போல, தரையில் நிற்கிற என் கால்களும் கொஞ்சம் லேசாகிவிடுகின்றன.