ஆர்டித் போட்ட கூரை

ஆலங்கட்டி விழத் தொடங்கியபோது ஆர்டித் ரைசிக் சமையலறைத் தொட்டியில் ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேற்கு ஜன்னல் உடைந்து கண்ணாடிச் சில்லுகள் தரையெல்லாம் சிதறின. அவள் தட்டைக் கழுவி முடித்தாள், துணியால் துடைத்தாள், அலமாரியில் வைத்தாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். இதை அவளே என்னிடம் சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

நான் எதிர்வீட்டு லுவான். நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் நானும் அவளும் பத்தொன்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். முந்நூறு பிள்ளைகளுக்கு மாவு பிசைந்து இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி போடுவோம். அந்தக் காலத்தில் ஆர்டித்துக்கு வாய் அதிகம். பிரின்சிபாலையே வரிசையில் நிற்க வைத்தவள். என் புருஷன் டெல்மர் அவளைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

அவளுக்கு ஆலங்கட்டி புதிது இல்லை. அவள் புருஷன் வெர்லின் முதலில் விவசாயி. குத்தகை நிலத்தில், ஆலைக்குச் சர்க்கரை எடுக்கக் கொடுக்கும் பீட் கிழங்கும் பீன்ஸும் போட்டார். கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு தடவை அடித்தது. மகள் ஜனெல் பிறந்த வருடம் மறுபடி. கடைசியாக, பீன்ஸ் பூவெடுத்து நிற்கும்போது பதினோரு நிமிடம் அடித்ததில் நூற்று அறுபது ஏக்கரும் மண்ணோடு மண்ணாகப் போனது. வெர்லின் அன்று சாயங்காலம் வரை வயல் ஓரத்தில் நின்றாராம். அடுத்த மாதம் டிராக்டரை விற்றுவிட்டு சர்க்கரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஊருக்குள் இந்த வீட்டை வாங்கினார்கள்.

இந்த முறை அடித்தபோது வெர்லின் வீட்டில் இல்லை. மறதி நோய் முற்றி, அதற்கு முந்தின இலையுதிர் காலத்திலிருந்து முதியோர் இல்லத்தில் இருந்தார். ஆர்டித் தினமும் பதினோரு மணிக்குப் போய் அவருக்கு மதியச் சாப்பாடு ஊட்டிவிட்டு வருவாள். அவர் தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"ஆர்டி, பீன்ஸ் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"தண்ணி பாய்ச்சினாங்களா?"

"பாய்ச்சியாச்சு. வாயைத் திற."

இப்படியே எட்டு மாதம். எட்டாவது மாதத்தில்தான் ஆலங்கட்டி வந்தது. கோழி முட்டை அளவு. எங்கள் தெருவில் ஒரு கூரை தப்பவில்லை. கூரையில் ஓடுபோல அடுக்கும் தார் ஷிங்கிள்கள் பிய்ந்து புல்வெளியெல்லாம் கிடந்தன. ஆர்டித் வீட்டு மேல்தளத்தில் இரண்டு இடத்தில் ஒழுகியது. டெல்மர் ஏணி போட்டு ஏறி, நீலத் தார்ப்பாயை விரித்து, கட்டை வைத்து ஆணியடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையிலிருந்தே கூரைக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வெளிமாநில நம்பர் பிளேட் போட்ட வண்டிகள். புயல் எங்கே அடிக்கிறதோ அங்கே வந்து நிற்கிற ஆட்கள். ஒரே நாளில் ஒன்பது பேர் அவள் கதவைத் தட்டினார்கள். எல்லாருக்கும் அவள் கதவைத் திறந்தாள், எல்லாரும் சொன்னதைக் கேட்டாள், எல்லாருடைய அட்டையையும் வாங்கி மேஜையில் அடுக்கினாள். ஒருத்தன் அவள் கையில் பேனாவையே திணித்துவிட்டான். நல்லவேளை, நான் அந்த நேரம் பார்த்துப் போனேன்.

"என்னடி, எவன் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுருவியா?"

"படிக்கத்தான் நினைச்சேன். எழுத்து உள்ளயே போகல."

"உனக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. எனக்கு எதுவும் தோண மாட்டேங்குது, லுவான். அவ்வளவுதான்."

நான்தான் எஃப்ரேன் ஒன்டிவெரோஸைக் கூப்பிட்டேன். உள்ளூர்க் கூரைக்காரன். நாங்கள் போட்ட சாப்பாட்டைத் தின்று வளர்ந்தவன், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. கூரை மேல் ஏறி ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கினான். சமையலறை மேஜையில் இரண்டு ஷிங்கிள் துண்டுகளை வைத்தான். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றைத் திருப்பிக் காட்டினான். அடியில் வலை ஒட்டியிருந்தது, கையில் தூக்கினால் கொஞ்சம் கனம்.

"இது சாதா. இன்சூரன்ஸ் குடுக்கற காசும் உங்க பங்கும் சேர்ந்தா முடிஞ்சிரும். உங்க பங்கு மூவாயிரத்து எண்ணூறு எப்படியும் நீங்க போடணும், அது பாலிசியிலயே இருக்கு. இது ஆலங்கட்டி தாங்கற ரகம். இது வேணும்னா அதுக்கு மேல இன்னொரு மூவாயிரம். நீங்க கட்டற பிரீமியத்துல இன்சூரன்ஸ்காரன் வருஷம் முந்நூறு டாலர் மாதிரி குறைப்பான்."

"தாங்குமா?" என்று நான் கேட்டேன். ஆர்டித் கேட்கவில்லை.

"இப்ப விழுந்த சைஸுக்குத் தாங்கும். கிரேப்ஃப்ரூட் சைஸ்ல, ஒரு கை நிறையற மாதிரி வந்தா எதுவும் தாங்காது. உடையவே உடையாதுன்னு எவனாவது சொன்னா, அவனை வாசல்லயே அனுப்பிருங்க. இன்னொண்ணு, அந்தத் தள்ளுபடி வேணும்னா ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்வான். சும்மா பள்ளம் விழுந்தா, தழும்பு விழுந்தா, அதுக்குக் காசு கிடையாது. ஒழுகினாத்தான். அதையும் யோசிச்சுக்கோங்க."

"நீ எதைப் போடச் சொல்ற?" என்று மறுபடி நான்தான் கேட்டேன்.

எஃப்ரேன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆர்டித் பக்கம் திரும்பினான். "அம்மா, நீங்க இந்த வீட்டுல எத்தனை வருஷம் இருக்கப் போறீங்க? பத்து வருஷம்னா கண்ணை மூடிக்கிட்டு நல்லதைப் போடுங்க. நடுவுல ஒரு தடவை அடிச்சு அது தாங்கிருச்சுன்னா அப்பவே போட்ட காசு வந்துரும். ரெண்டு மூணு வருஷத்துல வித்துட்டுப் போறதா இருந்தா, வேண்டாம்னுதான் சொல்வேன்."

ஆர்டித் அந்த இரண்டு துண்டுகளையும் அவன் கோப்பையிலிருந்து தள்ளி வைத்தாள். பிறகு, "காபி ஆறுது, குடி" என்றாள்.

அதே கேள்வியை மகள் ஜனெலும் வேறு மாதிரி கேட்டாள். அவள் லிங்கனில் இருக்கிறாள், ஆறு மணி நேரக் கார்ப் பயணம். போனை ஆர்டித் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த வீட்டுக்கு எதுக்கு நல்ல கூரை? சாதா கூரையைப் போடு, வித்துரு, இங்க வந்துரு. அப்பாவையும் இங்கயே ஒரு இல்லத்துல சேர்த்துக்கலாம்."

"சரி."

"சரின்னா? வர்றியா?"

"தெரியல."

"அப்போ எதுக்கு சரின்னு சொன்ன?"

"நீ சொன்னது கேட்டுச்சுன்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் ஜனெல் அழுதாள். ஆர்டித் கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

எங்கள் வீட்டில் முடிவெடுக்க இவ்வளவு நேரம் ஆகவில்லை. டெல்மர் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்: "எழுபத்திரண்டு வயசுல எனக்கு எதுக்கு முப்பது வருஷக் கூரை? சவப்பெட்டிக்கு மேல போடவா?" சாதாவையே போட்டோம்.

ஆனால் அந்த வலை ஒட்டிய துண்டு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் பலூன்களில் தண்ணீர் நிரப்பி எங்கள் ஃப்ரீஸரில் அடுக்கிவிட்டார், என் பட்டாணிப் பொட்டலங்களையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு. மூன்று நாள் கழித்து, முட்டையைவிடக் கொஞ்சம் பெரிய எட்டுப் பனி உருண்டைகளோடு ஆர்டித் வீட்டுப் பின்பக்கம் போனார். எஃப்ரேன் விட்டுப்போன துண்டுகளை ஒரு பலகையில் ஆணியடித்துத் தரையில் சாய்த்து வைத்தார். ஆர்டித்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஏம்மா ஆர்டித், இன்னிக்கு நான்தான் ஆலங்கட்டி. பாரு."

ஏணி உச்சியில் நின்று பலம் கொண்ட மட்டும் எறிந்தார். முதலாவது புல்லில் விழுந்தது, இரண்டாவது என் காலருகில்.

"ஏங்க, அடிக்க வேண்டியது பலகையை, என்னை இல்ல!"

"சந்தர்ப்பம் கிடைக்கும்போது விடுவானேன்?"

ஆர்டித்தின் உதடு கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

எட்டில் ஐந்து சரியாக விழுந்தன. துண்டுகளைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தோம். சாதாத் துண்டின் அடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல், விரலை வைத்தால் பிய்ந்து வந்தது. மற்றதில் மேலே ஒட்டியிருந்த மணல் கொஞ்சம் உதிர்ந்திருந்தது, அடியில் ஒன்றும் இல்லை.

"பாத்தியா?" என்றார் டெல்மர், தோளைத் தடவிக்கொண்டே. எங்கள் வீட்டில் போட்டது சாதா என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் சுருங்கிவிட்டது.

"பாத்தேன்" என்றாள் ஆர்டித். எழுந்து உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

தார்ப்பாய் ஆகஸ்ட் முழுக்கக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இன்சூரன்ஸிலிருந்து இரண்டு கடிதம் வந்தது, இத்தனை தேதிக்குள் வேலை முடியாவிட்டால் பணம் கிடையாது என்று. எஃப்ரேன் மூன்று தடவை போன் செய்தான். வெர்லின் அதற்குள் பீன்ஸைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டார். ஊட்டினால் விழுங்குவார், அவ்வளவுதான். கேள்வி நின்றுபோனது அவளுக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். "வேலை சீக்கிரம் முடியுது" என்றாள்.

செப்டம்பரில் வரும் எங்கள் தொழிலாளர் தினத்துக்கு அடுத்த நாள் நாங்கள் இருவரும் அவள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தோம். கோஸும் கறியும் அடைத்த ரொட்டி கொண்டுபோயிருந்தேன். அவள் பாதியை வைத்துவிட்டாள். அப்போது புதிதாக ஒரு கூரைக்காரன், இளிப்பும் அட்டையுமாக, வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். ஆர்டித் அவனைப் பார்த்தாள். அவன் பேசத் தொடங்கும் முன்பே எழுந்தாள்.

"எஃப்ரேனைக் கூப்பிடு லுவான். நல்லதையே போடச் சொல்லு."

"பத்து வருஷம் இருக்கப் போறியா?"

"அது எனக்குத் தெரியாது."

"அப்புறம் எப்படி முடிவு பண்ணின?"

"இந்த ஆளுங்க, இந்தக் கடுதாசி, இந்த போன், இதெல்லாம் மறுபடி ஒரு தடவை என்னால முடியாது. அதுக்கு மூவாயிரம்னா மூவாயிரம். கூரைக்குக் குடுக்கல."

வந்தவனிடம், "தம்பி, ஆளைப் பிடிச்சாச்சு, போயிட்டு வா" என்று நான் சொல்லியனுப்பினேன்.

எஃப்ரேன் ஆட்கள் இரண்டு நாளில் முடித்தார்கள். சாம்பல் நிறம். நிறம் எது என்று கேட்டதற்கு, "இருக்கறதைப் போடு" என்றாளாம். எஃப்ரேனே தேர்ந்தெடுத்தான். தள்ளுபடி வந்தது, ஆனால் முந்நூறு இல்லை, இருநூற்று நாற்பதுதான். எஃப்ரேன் வந்து அதற்காக மன்னிப்புக் கேட்டான்.

பிப்ரவரியில் வெர்லின் போனார். சவ அடக்கத்துக்கு ஜனெல் வந்து இரண்டு வாரம் தங்கினாள். ஆர்டித் அழவில்லை. யார் யார் எந்தப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தார்கள் என்று மட்டும் கவனமாக எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் கழுவி அந்தந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதினோரு மணியானால் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரை வருவாள். நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போவாள்.

அடுத்த ஜூலையில், ஒரு மதியம், மறுபடி அடித்தது. கல் முன்பைவிடக் கொஞ்சம் சிறிது, காற்று மிக அதிகம். நானும் டெல்மரும் பேஸ்மென்டில் உட்கார்ந்து எங்கள் புதுக் கூரை உடைவதைக் கேட்டோம். ஒரு வருடம்கூட ஆகாத கூரை. டெல்மர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் இன்சூரன்ஸ், இனிமேல் கூரை எவ்வளவு பழசோ அவ்வளவு குறைத்துத்தான் பணம் தருவோம் என்று எழுதிவிட்டது.

மழை விட்டதும் நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன். அவள் தோட்டத்தில் ஒரு இலை மிச்சமில்லை. கூரை ஓரத்து மழைநீர்த் தகரங்களெல்லாம் நசுங்கியிருந்தன, அவள் கையெழுத்துப் போட்ட பேப்பர்படி அதற்குக் காசு வராது. கூரை அப்படியே இருந்தது. எஃப்ரேன் பிறகு ஏறிப் பார்த்து, இருபது நிமிடத்தில் இறங்கி, "இங்க எனக்கு வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆர்டித் பேஸ்மென்ட் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்த பிறகுதான் விட்டாள்.

"ஆர்டித்! அடி பட்டுச்சா?"

"இல்ல. பயந்துட்டேன்."

"யாருக்குத்தான் பயம் இல்ல? வா மேல."

"இல்ல லுவான், நீ கேளு. நான் பயந்துட்டேன். செத்துருவேன்னு பயம். சாகக் கூடாதுன்னு இருந்துச்சு."

அவள் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். மேலே சொட்டுச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று இருவரும் கொஞ்ச நேரம் கவனித்தோம். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மேல்தளத்தில் டெல்மர் வாளி வைத்துக்கொண்டிருந்தார். அவள் ஏறிப்போய் இரண்டாவது வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிக்காட்ட வந்தியா?" என்றார் டெல்மர்.

"ஆமா," என்றாள் ஆர்டித். "ஆனா முதல்ல இதை ஊத்திட்டு வர்றேன்."