திங்கட்கிழமைக் கறை

ஹெர்மீன் லெஃபெரிங்க் எந்த வேலையையும் அரைகுறையாக விட்டவளல்ல. என்ஸ்கெடே நகரத்து ஆய்வகத்தில் அந்த மார்பகப் படக் கருவியோடு நாலு வருடம் மல்லுக்கட்டியவள். கருவிமேல் குப்புறப் படுத்து, மார்பைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தொங்கவிட வேண்டும். லேசர் ஒளி பாயும்; ஒளியை வாங்கிய ரத்தம் காதுக்கு எட்டாத சத்தம் போடும்; அந்தச் சத்தத்தைப் பிடித்துக் கருவி படமாக்கும். இன்னும் வெளியாட்கள் வரத் தொடங்கவில்லை. அதனால் திங்கள்தோறும் சோதனைக்குப் படுப்பது ஹெர்மீன்தான்.

"கூச்சமா? எனக்கு அம்பத்தாறு வயசாச்சு, வேலையப் பாருடா" என்பாள், பொறியாளன் யோரிட்டிடம்.

அரசாங்கம் அனுப்பும் மார்பகப் பரிசோதனைக் கடிதம் வந்தபோது அதைக் குப்பையில் போட்டாள். "வாராவாரம் படம் புடிக்கிறாங்க. அங்க வேற போய் நிக்கணுமாக்கும்!"

ஒரு திங்களன்று, இடது மார்பின் அடியில் சின்னக் கறை தெரிந்தது.

"சத்தம் எங்கயோ பட்டுத் திரும்புது ஹெர்மீன். வெறும் எதிரொலி" என்றான் யோரிட்.

கிண்ணத்தை மாற்றினார்கள், தண்ணீரை மாற்றினார்கள், ஒலிவாங்கிகளைக்கூட மாற்றினார்கள். கறை போகவில்லை. கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இந்தக் கெட்டிக்காரர்கள்தான் கருவியைச் சந்தேகப்பட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

"என் படத்துல அழுக்கா? கண்ண உறுத்துதுடா. ஏதாவது எழுதி அழிச்சுடு."

அவன் அதற்கென்று ஒரு கணினி நிரல் எழுதினான். திங்கள்தோறும் பொத்தானை அழுத்தி அந்த இடத்தைத் துடைப்பது அவள் வேலையாயிற்று. படம் பளிச்சென்று வரும். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

பதினோரு மாதம் கழித்து, வில்மா என்ற பெண் முதல் வெளியாளாக வந்து படுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஹெர்மீன் அந்த நிரலை நிறுத்தினாள். வில்மாவின் படத்தில் கறை இல்லை.

"பாத்தியா, தானா சரியாயிடுச்சு!" யோரிட் குதித்தான்.

ஹெர்மீன் சிரிக்கவில்லை. வில்மா போனதும் சட்டையைக் கழற்றினாள். "நிரல் வேணாம். அப்படியே எடு."

எடுத்தான். திரையருகே குனிந்து பார்த்தான்.

"வாயத் தொறடா."

"இருக்கு. பெருசா இருக்கு."

"கருவி?"

"கருவி நல்லாத்தான் இருக்கு ஹெர்மீன்" என்றவன் அழத் தொடங்கினான். அவனைத் தேற்றும் தெம்பு அவளிடம் இல்லை.

அடுத்த வாரம் மருத்துவமனையில், புற்று அக்குள்வரை பரவிவிட்டதாகச் சொன்ன டாக்டரம்மா கேட்டாள்: "முதல்ல எப்ப கவனிச்சீங்க?"

"பதினோரு மாசத்துக்கு முன்னாடி" என்றாள் ஹெர்மீன். "வாராவாரம் நாந்தான் அழிச்சேன்."