மூன்றாம் பக்கத்தில் செத்தவர்

அந்தத் துப்பறியும் நாவலின் இரண்டாம் பாகத்தைத் திட்டாத ஆள் இந்த ஊரில் ஒருவர்தான் இருக்கிறார். தையல் மெஷின் பழுது பார்ப்பவர். அதன் ஒரு பிரதியைத் தன் கடையில் எண்ணெய்க் குப்பிகளுக்கு மேலே, கைபடாத தட்டில் வைத்திருக்கிறார். அவ்வப்போது எடுத்துத் துடைத்தும் வைக்கிறார். முழுசாகப் படித்தீர்களா என்று கேட்டால், "அதைப் படிக்க முடியாதுங்க, அவ்வளவு மோசம்," என்பார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா எழுதினவர் நல்லா இருக்கணும்," என்று சேர்த்துக்கொள்வார். இப்படி ஒரு வாசகர் கிடைக்க அந்த எழுத்தாளர் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

தெருவில் எல்லோருக்கும் அவர் மெஷின்காரர். கீழே கடை, மேலே வீடு. வீட்டில் அவரும், கணவர் போன பிறகு தம்பியோடு வந்து சேர்ந்த அக்காவும். மெஷினைத் திறப்பதற்கு முன் அதை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பது அவர் பழக்கம். "பெல்ட் தளர்ந்திருக்கு," என்பார். திறந்து பார்த்தால் தளர்ந்திருக்கும். கண்ணைவிடக் காதை நம்புகிற மனுஷர். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "ஒரு மோட்டாரைக் கழட்டிப் போட்டிருந்தேன், நிமிர்ந்து பாத்தா அம்பது வயசாயிடுச்சு," என்பார். அக்கா மட்டும் இந்த நகைச்சுவைக்குச் சிரிக்க மாட்டாள்.

கடை மேசையில் ஒரு போன். யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாத பழைய ரகம். தையல்காரர்கள் அதில்தான் கூப்பிட்டு, மெஷின் மக்கர் செய்கிறது, உடனே வாருங்கள் என்பார்கள். அந்த போன்தான் அவருக்குச் சோறு போட்டது.

அப்போதுதான் அந்தத் துப்பறியும் நாவலின் முதல் பாகம் வந்தது. கதையில் ஒரு துப்பறிவாளர், இடது கால் கொஞ்சம் நொண்டி, ஆனால் மூளை கத்தி. அவருடைய போன் எண்ணை எழுத்தாளர் தன் மனதில் தோன்றியபடி எழுதிவிட்டார். அவர் மனதில் தோன்றிய எண் மெஷின்காரர் மேசையில் மணியடித்தது. புத்தகம் ஊரெல்லாம் பிய்த்துக்கொண்டு போயிற்று. விடலைப் பையன்கள் கூப்பிட்டு, "சார், எங்க தெருவுல ஒரு கொலை," என்பார்கள். மெஷின்காரர் பொறுமையாக, ராங் நம்பர் என்பார். அக்கா எடுத்தால் கதை வேறு. "ஒண்ணுதானா? நான் அங்க வந்தா ரெண்டாயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பாள். எண்ணில் ஊர்க் குறியீடு இல்லாததால் உள்ளூர் வாசகர்கள் மட்டும் இவரிடம் வந்து சேர்ந்தார்கள். மற்ற ஊர்களில் அதே எண்ணை வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டார்களோ, தெரியாது.

தையல்காரர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. எப்போது அடித்தாலும் என்கேஜ்டு என்று நாலைந்து பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மெஷின்காரர் பதிப்பகத்துக்கே நேரில் போனார். அங்கே டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார்கள். "ரெண்டாம் பாகத்துல அந்த நம்பரே இருக்காது சார், நான் பொறுப்பு," என்றார் பதிப்பாளர். அப்படியும் நம்பிக்கையில்லாமல், மெஷின்காரர் நேரே டெலிபோன் ஆபீசுக்குப் போய் எண்ணை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். வரும்போது வரும் என்றார்கள். அவரும் போகப் போக அதை மறந்துபோனார்.

இரண்டாம் பாகம் வந்த அன்று புத்தகக் கடை வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியதாம். முதல் பாகத்தின் கடைசி வரியில் கொலைகாரனே துப்பறிவாளருக்குப் போன் செய்வான். அவன் யார் என்று தெரிந்துகொள்ள ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது. புத்தகத்தைத் திறந்தால், மூன்றாம் பக்கத்தில் துப்பறிவாளர் குளியலறையில் சோப்பில் வழுக்கி விழுந்து செத்துப்போகிறார். சதியும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை, வெறும் சோப்பு. மீதிக் கதை முழுவதும் மிட்டாய் தின்றுகொண்டே துப்பறிகிற அவருடைய அக்கா மகனைப் பற்றியது. கொலைகாரன் யாரென்றால், ஏற்கெனவே செத்துப்போனவனின் இரட்டைப் பிறவி. படித்தவர்கள் வயிறெரிந்து போனார்கள். ஆனால் பதிப்பாளர் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். நம்பருக்குச் சொந்தக்காரரே போய்விட்ட பிறகு நம்பர் எப்படி இருக்கும்?

மறுநாள் காலை மணியடித்தது. ஒரு கரகரத்த ஆண் குரல்.

"சார், நீங்க செத்துட்டதா எழுதியிருக்கான்."

"யாருங்க எழுதினது?"

"அந்த ஆளுதான். மனசே கேக்கல, அதான் போட்டுப் பாத்தேன். நீங்க நல்லா இருக்கீங்களா?"

மெஷின்காரருக்கு விஷயம் பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று. இது தையல் மெஷின் கடை என்று சொல்ல வாயெடுத்தவர், என்ன தோன்றியதோ, "இருக்கேங்க," என்றார். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "அது போதும் சார்," என்று போனை வைத்துவிட்டார் அந்த மனிதர்.

அன்றைக்கே இன்னும் சிலர். தேம்பித் தேம்பிப் பேசிய ஒரு பெண், பேரனுக்காகக் கேட்ட ஒரு தாத்தா. எல்லோரும் எழுத்தாளரைக் கரித்துக்கொட்டினார்கள், எல்லோரும் கடைசியில் அதே கேள்வியைக் கேட்டார்கள். இருக்கீங்களா? மெஷின்காரரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சாப்பிட்டியா என்று அக்கா கேட்பாள், எப்ப வரீங்க என்று தையல்காரர்கள் கேட்பார்கள். இருக்கிறாயா என்று கேட்க யாருமில்லை. கேள்வி தனக்கானது இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை போனை வைத்த பிறகும் மனசு நிறைந்துபோய், திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நாம் போய்ப் புகார் சொன்னதால்தான் அந்தத் துப்பறிவாளரைத் தீர்த்துக்கட்டிவிட்டார்களோ என்ற உறுத்தலும் உள்ளே இருந்தது.

நாளாக நாளாகப் போன்கள் குறைந்தன. ஒருவர் மட்டும் விடவில்லை.

அந்த அம்மா முதல் தடவையே ஒரு பிடி பிடித்துவிட்டார். "மூணாவது பக்கத்துல சோப்பு. நாப்பதாவது பக்கத்துல மிட்டாய். நாங்க என்ன கேணைங்களா?" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு அத்தியாயமாக எடுத்து உரித்துப் போட்டார். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான், "ஆமா, லைன்ல இருக்கீங்களா?" என்றார். "இருக்கேன்," என்றார் இவர். அந்த அம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு நன்றாக இருந்தது.

அடுத்த வாரமும் மதிய வேளையில் கூப்பிட்டார். அதற்கடுத்த வாரமும். நியாயமாகப் பார்த்தால் கதை எப்படிப் போயிருக்க வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசி ஒரு இரண்டாம் பாகத்தைக் கட்டினார்கள். அதில் சோப்பே கிடையாது. ஈடுகொடுத்துப் பேசுவதற்காக மெஷின்காரர் முதல் பாகத்தை வாங்கி, கையை முழுசாக நீட்டி வைத்துக்கொண்டு படித்தார். போனில் ஒரு வரியைப் படித்துக் காட்டப்போய்த் திணறினார்.

"எழுத்துக்கூட்டிப் படிக்கிறீங்களே, கண்ணைக் காட்டிக்கிட்டா என்ன? நான் லென்ஸ் தேய்ச்சுக் கொடுக்கிறவ, எனக்குத் தெரியாதா?"

"தெரியுது. பின்னால மெஷின் ஓடுற சத்தம் கேக்குது. உங்க மோட்டார்ல பேரிங் தேஞ்சிருக்கு. ஒரு சுத்துக்கு ஒரு தடவை நொண்டுது."

"அதெப்படி அங்கேருந்தே கண்டுபிடிச்சீங்க?"

"துப்பறியிறவன் இல்லையா," என்றார் மெஷின்காரர். அவர் துப்பறிவாளர் இல்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். தெரியும் என்பது இவருக்கும் தெரியும். பேர் என்ன, எந்தத் தெரு என்று கேட்டால் இந்தப் பேச்சு வேறு பேச்சாகிவிடுமோ என்று பயந்து இருவருமே கேட்கவில்லை. அந்த நாட்களில் மெஷின்காரர் மதியம் கையலம்பி, சட்டை மாற்றி, தலை சீவிக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருவதை அக்கா பார்த்தாள். "போன்ல தலை தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாடியேறிப் போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள், அவர் துணி ஆலையில் ஒரு பெரிய மெஷினுக்கு அடியில் படுத்துக்கிடந்த நேரம் பார்த்து, டெலிபோன் ஆபீஸ் ஆள் வந்து எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"நீ எழுதிக் கொடுத்தியே, ஒருவழியா வந்துட்டாங்க. இனிமே கொலைகாரப் பசங்க தொல்லை இல்லை."

மெஷின்காரர் பையைக்கூடக் கீழே வைக்காமல் டெலிபோன் ஆபீசுக்கு ஓடினார். "நீங்கதானே மாத்தச் சொன்னீங்க? பழசு வேணும்னா மறுபடி எழுதிக் கொடுங்க, வரும்போது வரும்," என்றார் அங்கிருந்தவர். வரும்போது வந்ததன் லட்சணத்தைத்தான் பார்த்தோமே. திரும்பும் வழியில் டீக்கடை போனிலிருந்து தன் பழைய எண்ணுக்கே போட்டுப் பார்த்தார். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. தன் சாவுச் செய்தியைத் தானே கேட்பது போல இருந்தது அவருக்கு. அடுத்த வாரம் மதியம் அந்த அம்மா கூப்பிடுவார், அவருக்கும் இதே குரல்தான் பதில் சொல்லும். அவர் எண் இவரிடம் இல்லை. பேர்கூடத் தெரியாது.

இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"யாருடா அந்த அம்மா?"

"கண்ணாடிக் கடையில வேலை பாக்கிறவங்க. எந்தக் கடைன்னு தெரியாதுக்கா."

"இத்தனை நாளா துப்பறியிறவன்னு பேர் வாங்கிக்கிட்டே. ஒரு கண்ணாடிக் கடையைக் கண்டுபிடிக்க வக்கில்லையா உனக்கு?"

ரோஷம் வந்துவிட்டது மெஷின்காரருக்கு. ஊரிலிருந்த கண்ணாடிக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கக் கிளம்பினார். கடைக்குள் போய் ஒரு ஃப்ரேமைக் கையில் எடுப்பார், விலை கேட்பார், தலையைச் சாய்த்துக்கொண்டு பின்னறையில் ஓடும் மோட்டாரைக் கேட்பார். எல்லாம் நன்றாக ஓடின. நன்றாக ஓடுகிற மெஷினைக் கேட்டு அவர் வாழ்க்கையில் வருத்தப்பட்டது அந்த நாட்களில்தான். ஒரு கடையில் சும்மா நிற்கவிடாமல் கண்ணைப் பரிசோதித்துவிட்டார்கள். இன்னொரு கடையில், காதுக்கு வேண்டுமானால் மாடியில் டாக்டர் இருக்கிறார் என்று வழிகாட்டினார்கள். தையல்காரர்கள் திட்டினார்கள். அந்த அம்மா என்ன நினைத்திருப்பார் என்பது ஒன்றுதான் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்தாளர் கைவிட்ட ஆளைத் தானும் கைவிட்ட மாதிரி ஆகிவிட்டதே என்று மருகினார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சின்னக் கடையை அவர் கடைசியாக வைத்திருந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு முறை போய்ப் பூட்டியிருந்ததைப் பார்த்துத் திரும்பியவர். இந்த முறை திறந்திருந்தது. படியில் கால் வைக்கும்போதே கேட்டது. கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்த மோட்டார், சுற்றுக்கு ஒரு தடவை லேசாக நொண்டியது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், காதோரம் நரைத்த ஒரு அம்மா குனிந்து லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "உக்காருங்க, இதை முடிச்சுட்டு வரேன்," என்றார். அதே குரல். சிரிப்புதான் இல்லை. மெஷின்காரர் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது அத்தனையும் மறந்துபோயிற்று. சொன்னபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த அம்மா மோட்டாரை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "சொல்லுங்க, கிட்டத்துல தெரியலையா, தூரத்துலயா?"

"பேரிங்கை இன்னும் மாத்தலையா?" என்றார் மெஷின்காரர்.

அந்த அம்மாவின் கை துணியைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. அவரை ஏற இறங்கப் பார்த்தார். எண்ணெய்க் கறை படிந்த விரல்கள், சட்டைப் பையில் செருகிய திருப்புளி, சீவி வாரிய தலை. அப்புறம் முகம் சிவந்து கோபம்தான் முதலில் வந்தது.

"வாரா வாரம் போட்டுப் போட்டுப் பாத்தேன். உபயோகத்துல இல்லைன்னு சொல்றா ஒருத்தி. யார்கிட்டப் போய்க் கேக்கிறது நான்? என்னன்னு சொல்லிக் கேக்கிறது? எழுதினவன்தான் சொல்லாமக் கொள்ளாமக் கொன்னான். நீங்களுமா?"

லென்ஸ் துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனக்காக ஒருவர் அழுது மெஷின்காரர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சோப்புக்கும், மிட்டாய்க்கும், இரட்டைப் பிறவிக்கும் அவர் அந்த இடத்திலேயே மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். போனில் கேட்பது போலவே கேட்டார்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் மெஷின்காரர்.